வைனின் அகராதியில் ஒரு சின்னக் குறி

டபிள்யூ. இ. வைனின் புதிய ஏற்பாட்டுச் சொல் அகராதியைப் புரட்டினால் பல பதிவுகளின் கடைசியில் ¶ என்று ஒரு பத்திக்குறி தெரியும். "இந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வரும் இடங்கள் எல்லாம் மேலே வந்துவிட்டன, மிச்சம் எதுவும் இல்லை" என்பது அதன் பொருள். பிரசங்கக் குறிப்பு எடுக்கிறவர்கள் அநேகர் முதல் வரியில் உள்ள அர்த்தத்தை மட்டும் எழுதிக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அந்தப் புத்தகத்தின் பலமோ அர்த்த வரிக்குக் கீழே வரிசையாக நிற்கும் வசன எண்களில்தான் இருக்கிறது. கிரேக்கம் படிக்காதவரும் வைனோடு சேர்ந்து ஆராயலாம், அவர் சொன்னது சரியா என்று சோதிக்கவும் செய்யலாம். அதற்கு வழி விடுவது அந்த எண்கள்தான்.

வில்லியம் எட்வி வைன் 1873இல் இங்கிலாந்தின் டார்செட்டில் உள்ள பிளான்ட்ஃபர்டில் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூடம் நடத்தியவர். குடும்பம் எக்ஸெட்டருக்கு இடம் மாறியபின் அங்கே மவுன்ட் ராட்ஃபர்ட் பள்ளியில் வைன் சிறு வயதிலேயே ஆசிரியரானார். வேல்ஸில் உள்ள அபெரிஸ்ட்வித்தில் படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தில் பண்டைய கிரேக்க, லத்தீன் இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். தகப்பனாருக்குப் பின் தம் சகோதரரோடு சேர்ந்து பள்ளியின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். பிரதரன் என்ற கிறிஸ்தவச் சபைகளைச் சேர்ந்தவர். பாத் நகரில் இருந்து மிஷனரிகளுக்குக் கடிதத் தொடர்பும் உதவியும் செய்துவந்த 'எக்கோஸ் ஆஃப் சர்வீஸ்' அவரை அழைத்தது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு 1949இல் இறக்கும்வரை அந்த ஊழியத்திலேயே இருந்தார். பாத் சபையில் ஒரு மூப்பராகவும் இருந்தார்.

அவருடைய அகராதியின் வடிவத்துக்கு இந்த வாழ்க்கையே காரணம் என்பது என் கணிப்பு. கிரேக்கம் தெரியாத வாசகனுக்கு எங்கே தடுக்கும் என்பது வகுப்பறையில் வருஷக்கணக்காய் நின்றவருக்குத் தெரியும். பக்கத்தில் நூலகம் இல்லாத ஊழியனுக்குக் கைக்கு எட்டுகிற ஒரு புத்தகத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது மிஷனரிகளின் கடிதங்களைப் படித்தவருக்குத் தெரியும். பாமர வாசகர் தாமே கற்றுக்கொள்ளும்படி ஒரு கிரேக்க இலக்கண நூலையும் அவர் எழுதினார். சீனாவில் ஊழியம் செய்த சி. எஃப். ஹாக் என்பவரோடு சேர்ந்து தெசலோனிக்கேயர், கலாத்தியர் நிருபங்களுக்கு விளக்கவுரை எழுதினார். அகராதியின் சில நீண்ட பகுதிகள் அந்த உரைகளிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை. அகராதி 1940ஐ ஒட்டி நான்கு பகுதிகளாக வெளிவந்தது, பின்னால் ஒரே கட்டாகத் தைக்கப்பட்டது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது ஆங்கிலச் சொல்லின் அகரவரிசையில் அமைந்தது என்பது. அதுவும் எல்லா ஆங்கிலச் சொல்லும் அல்ல. கிங் ஜேம்ஸ் என்ற பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலும், அதைத் திருத்தி 1881இல் வந்த ரிவைஸ்டு வெர்ஷன் புதிய ஏற்பாட்டிலும் உள்ள சொற்களே தலைச்சொற்கள். புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை வைத்துக்கொண்டு தேடுகிறவர் பாதிச் சொற்களைக் காணாமல் "இதில் இல்லை" என்று விட்டுவிடுவார். இல்லாமல் இல்லை, வேறு தலைப்பின் கீழ் இருக்கிறது. எனவே தமிழ் வசனத்தில் இருந்து போகிறவர் முதலில் அதே வசனத்தை கிங் ஜேம்ஸில் திறந்து, தமக்கு வேண்டிய சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல்லைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தலைப்புக்குப் போனதும் அர்த்தத்தைப் படிக்கக் கூடாது. உங்கள் வசனத்தின் எண் எந்த உட்பிரிவில் இருக்கிறது என்று கண்ணால் தேட வேண்டும். ஏனென்றால் ஒரே ஆங்கிலத் தலைப்பின் கீழ் ஏ, பி, சி என்று பெயர்ச்சொல், வினைச்சொல், பெயரடை தனித்தனியாகவும், ஒவ்வொன்றின் கீழும் 1, 2, 3 என்று வெவ்வேறு கிரேக்கச் சொற்களும் இருக்கும். முதல் எண்ணில் உள்ள சொல்தான் நம் வசனத்திலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

வசன எண் அங்கே இல்லையென்றால்? பதிவின் அடியில் உள்ள 'குறிப்புகள்' பகுதியைப் பாருங்கள், அபூர்வமான இடங்கள் அங்கே ஒதுங்கியிருக்கும். அங்கும் இல்லையென்றால் எந்தச் சொல் எந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும்படி ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதியில் அந்த வசனத்திலுள்ள சொல்லுக்குக் கொடுத்திருக்கும் எண்ணை எடுத்து, வைனின் பிற்காலப் பதிப்புகளின் பின்னால் உள்ள கிரேக்கச் சொல்லடைவு வழியாக வாருங்கள். ஸ்ட்ராங்கின் கிரேக்க எண்கள் 1 முதல் 5624 வரை ஓடும். ஆனால் 2717ஆம் எண்ணும், 3203 முதல் 3302 வரையுள்ள எண்களும் அதில் கிடையாது. அச்சுப்பிழையோ பக்கம் விடுபட்டதோ அல்ல, ஸ்ட்ராங்கே விட்டுவிட்ட எண்கள் அவை.

ஒரே கிரேக்கச் சொல் பல ஆங்கிலத் தலைப்புகளில் சிதறிக் கிடப்பது இந்த அமைப்பின் பெரிய குறை. 'பராகலேயோ' என்ற வினைச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் ரோமர் 12:1இல் அது "வேண்டிக்கொள்ளுகிறேன்", மத்தேயு 5:4இல் "ஆறுதலடைவார்கள்", எபிரெயர் 3:13இல் "புத்திசொல்லுங்கள்". ஆங்கிலத்திலும் இப்படியே பிரிந்திருப்பதால் வைனில் மூன்று நான்கு இடங்களுக்குப் போக வேண்டும். ஒரே இடத்தைப் படித்துவிட்டு "இந்தச் சொல்லுக்கு ஆறுதல் என்று அர்த்தம்" என்று முடிவு கட்டினால் ரோமர் 12 கெட்டுவிடும். இதோடு உறவுள்ள 'பராக்லேட்டொஸ்' என்ற பெயர்ச்சொல்லுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஐந்தே இடங்கள்: யோவான் 14:16, 14:26, 15:26, 16:7, பிறகு 1 யோவான் 2:1. முதல் நான்கிலும் தமிழில் "தேற்றரவாளன்", கடைசியில் "பரிந்து பேசுகிறவர்". ஐந்தையும் ஒரே மூச்சில் படித்துப் பார்த்தால், யோவானின் சுவிசேஷத்தில் ஆவியானவருக்கு வரும் பெயரே நிருபத்தில் கிறிஸ்துவுக்கு வருவது தெரியும். தமிழ் வேதாகமத்தை மட்டும் படித்தால் இது கண்ணில் படாது.

தமிழ் வாசகருக்கு ஒரு அனுகூலம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. வைன் ஆங்கிலத்தில் பிரித்துக் காட்டப் பாடுபடும் சில வேறுபாடுகள் நம் பழைய மொழிபெயர்ப்பில் ஏற்கெனவே இருக்கின்றன. கிங் ஜேம்ஸ் 'ஹெல்' என்று ஒரே சொல்லால் முடித்துவிடும் இடத்தில் மூலத்தில் 'ஹேடீஸ்', 'கெஹென்னா' என்று இரண்டு சொற்கள். தமிழில் மத்தேயு 16:18 "பாதாளத்தின் வாசல்கள்" என்கிறது, மத்தேயு 5:29 "நரகம்" என்கிறது. பிரிவு அப்படியே நிற்கிறது. கெஹென்னா 12 இடங்களில் வருகிறது, 11 இடங்கள் முதல் மூன்று சுவிசேஷங்களில், அத்தனையும் கர்த்தருடைய வாயிலிருந்தே வந்தவை, பன்னிரண்டாவது யாக்கோபு 3:6 என்று வைன் காட்டுகிறார். 2 பேதுரு 2:4இல் மட்டும் ஜாக்கிரதை: அங்கே தமிழிலும் "நரகத்திலே தள்ளி" என்றுதான் இருக்கிறது, ஆனால் மூலச் சொல் கெஹென்னா அல்ல, 'டார்டரோ' என்ற தனி வினைச்சொல்.

ஹேடீஸை எண்ணும்போது இன்னொரு சிக்கல் வரும். கிங் ஜேம்ஸின் அடிப்படையில் எண்ணினால் 11, ரிவைஸ்டு வெர்ஷனின்படி எண்ணினால் 10. காரணம் 1 கொரிந்தியர் 15:55. "பாதாளமே! உன் ஜெயம் எங்கே?" என்று நாம் படிக்கும் இடத்தில், பழைமையான கையெழுத்துப் பிரதிகளில் 'மரணமே' என்று இருக்கிறது. எண்ணிக்கை ஒத்துவராதபோது வைன் தப்பு, ஸ்ட்ராங் தப்பு என்று சொல்வதற்குமுன் எந்த மூலபாடத்தை எண்ணினார்கள் என்று பாருங்கள்.

யோவான் 21 இன்னும் அழகானது. ஆங்கிலத்தில் மூன்று கேள்வியிலும் பதிலிலும் 'லவ்' ஒன்றுதான். தமிழில் முதல் இரண்டு முறை இயேசு "அன்பாயிருக்கிறாயா" என்று கேட்கிறார், பேதுரு "உம்மை நேசிக்கிறேன்" என்கிறான், மூன்றாந்தரம் இயேசுவும் "நேசிக்கிறாயா" என்கிறார். 'அகபாவோ', 'ஃபிலேயோ' என்ற மாற்றத்தை நம் மொழிபெயர்ப்பாளர்கள் அப்படியே ஏந்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த உழைப்பை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் இங்கேதான் அகராதியை வைத்துக்கொண்டு அதிகம் பேர் விழுகிறார்கள். அகபாவோ என்றால் தெய்வீக அன்பு, ஃபிலேயோ என்றால் மனுஷ நட்பு என்று பலகையில் இரண்டு கட்டம் போட்டுவிடுகிறார்கள். வைன் அப்படிச் சொல்லவில்லை. இந்தப் பகுதியில் வேறுபாடு உண்டு என்றே அவர் கருதினார். ஆனால் பிதா குமாரனை நேசிப்பதற்கு யோவான் 3:35இல் அகபாவோவும் 5:20இல் ஃபிலேயோவும் வருவதை அவரே எடுத்துக் காட்டுகிறார். இரண்டு இடத்திலும் தமிழ் "அன்பாயிருந்து" என்றே சொல்கிறது. தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் வைத்த ஆசைக்கு, 2 தீமோத்தேயு 4:10இல், பவுல் எழுதியது அகபாவோதான். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் அம்னோன் தாமார்மேல் கொண்ட மோகத்துக்கும் (2 சாமுவேல் 13) அதே சொல். சொல்லுக்குள் தெய்வீகம் ஒளிந்திருக்கவில்லை. யார், யாரை, எதற்காக என்பதே அன்பின் தன்மையைக் காட்டுகிறது. யோவான் 21இல் 'மேய்ப்பாயாக' என்பதற்கும் மூலத்தில் இரண்டு வினைச்சொற்கள் மாறிமாறி வருகின்றன. அதனால் இது யோவானுடைய நடையின் இயல்பு மட்டுமே என்று சொல்லும் அறிஞர்கள் பலர். நான் அவர்கள் பக்கம் சாய்கிறேன், ஆனால் வைனின் பட்டியல் கையில் இருந்தால் நீங்களே தீர்மானிக்கலாம்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. கலாத்தியர் 1:6இல் "வேறொரு சுவிசேஷத்திற்கு", அடுத்த வசனத்தில் "வேறொரு சுவிசேஷம் இல்லையே". படிக்கும்போது முரணாகத் தோன்றும். மூலத்தில் முதலாவது 'ஹெட்டெரொஸ்', இரண்டாவது 'அல்லொஸ்'. அல்லொஸ் அதே வகையில் இன்னொன்று, ஹெட்டெரொஸ் வேறு வகையான இன்னொன்று என்று வைன் பிரிக்கிறார். கலாத்தியரில் அது பொருந்துகிறது: தரத்திலேயே மாறுபட்ட ஒன்று அது, சுவிசேஷத்தில் இன்னொன்று என்று அதை எண்ணக் கூடாது. யோவான் 14:16இல் "வேறொரு தேற்றரவாளன்" அல்லொஸ். ஆனால் இந்த வேறுபாடு அந்தக் காலத்திலேயே மங்கிக்கொண்டு வந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. யோவான்ஸ்நானன் அனுப்பிய "வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா" என்ற ஒரே கேள்வி மத்தேயு 11:3இல் ஹெட்டெரொஸ், லூக்கா 7:20இல் அல்லொஸ். எல்லா இடத்திலும் விதியைப் பூட்டினால் இந்த இரண்டு வசனமும் நம்மை மாட்டிவிடும்.

சொல்லைப் பிரித்து அர்த்தம் எடுப்பது அடுத்த ஆபத்து. 'எக்லேசியா' என்பதில் 'வெளியே', 'அழைப்பு' என்ற இரண்டு பாகங்கள் உண்டு என்று வைன் தொடங்குகிறார். அநேகர் அங்கேயே நிறுத்தி "சபை என்றால் உலகத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டவர்கள்" என்று பிரசங்கத்தை எழுப்பிவிடுகிறார்கள். அந்தச் சத்தியம் வேதத்தில் வேறு இடங்களில் இருக்கிறது, ஆனால் இந்தச் சொல்லில் இல்லை. அவர் அடுத்த வரியிலேயே காட்டும் இடங்களைத் திறந்து பாருங்கள்: அப்போஸ்தலர் 19:39இல் அது எபேசுப் பட்டணத்தின் நியாயசங்கம், 7:38இல் வனாந்தரத்தில் இஸ்ரவேல், 19:32இல் எதற்குக் கூடினோம் என்றே தெரியாமல் கூச்சல் போட்ட ஜனக்கூட்டம். அந்தக் கலகக்காரரை யாரும் உலகத்திலிருந்து அழைத்தெடுக்கவில்லை. சொல்லின் பிறப்பை வைத்துப் பொருள் சொல்லும் இந்தப் பழக்கத்தை வேதாகம அறிஞர் ஜேம்ஸ் பார் 1961இல் கடுமையாகக் கண்டித்தார். வைன் எழுதியது அதற்கு இருபது வருஷம் முன்பு, ஆகவே அவருடைய தொடக்க வரிகளில் அந்தக் காலத்துப் பழக்கம் தெரியும். 'டுனாமிஸ்' (வல்லமை) என்ற சொல்லுக்கு டைனமைட்டை இழுப்பது இன்னும் மோசம். டைனமைட்டுக்கு நோபல் பெயர் வைத்தது 1867இல். பவுலின் மனதில் வெடிமருந்து இருந்திருக்க வழியில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போது அதிகம் விற்கும் 'முழு' பதிப்பில் பழைய ஏற்பாட்டுப் பகுதியும் சேர்ந்திருக்கும். அட்டையில் வைனின் பெயர் பெரிதாக இருந்தாலும் அந்தப் பகுதி மெரில் அங்கர், வில்லியம் வைட் இருவரும் தொகுத்தது, 1980இல் தனி நூலாக வந்தது. எபிரெயச் சொல் ஒன்றுக்கு அதைப் பார்த்துவிட்டு "வைன் சொல்கிறார்" என்று மேற்கோள் காட்டுவது பிழை. தேர்ந்தெடுத்த எபிரெயச் சொற்கள் மட்டுமே அதில் உண்டு, வைனின் வசனப் பட்டியல் போன்ற நிறைவையும் அதில் எதிர்பார்க்கக் கூடாது. ஸ்ட்ராங்கில் எபிரெய எண்கள் 8674 இருக்கின்றன, ஆகவே தேடிய சொல் கிடைக்காமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

நேரம் குறைவாக இருக்கிறதா? ¶ உள்ள பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். ஐந்து அல்லது பத்து வசனம் மட்டுமே உள்ள சொல்லை எடுத்து, ஒவ்வொரு வசனத்தையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களோடு தமிழில் எழுதி, பவுல் எழுதியதை ஒரு பக்கமும் யோவான் எழுதியதை ஒரு பக்கமும் பிரித்து வையுங்கள். அதன்பிறகு வைனின் அர்த்த வரியைப் படியுங்கள். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அப்போது புரியும், எங்கே அளவுக்கு மிஞ்சிச் சொன்னார் என்பதும் தெரியவரும்.