நைட்டனுய் இல்லாத வெஸ்ட் கோஸ்ட்: ரக் நாட்குறிப்பு, 2018

ஜூலை 15, ஞாயிறு

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து லீக்கில், மெல்போர்னின் எம்சிஜி மைதானத்தில், நம் பெர்த் அணியான வெஸ்ட் கோஸ்ட் காலிங்வுட்டை வென்றாயிற்று. ஆனால் பெர்த் முழுக்க ஒரே கேள்வி, நம் ரக்மேன் நிக் நைட்டனுயின் வலது முழங்கால் என்னவாயிற்று என்பதுதான். 2016 ஆகஸ்டில் இடது முழங்காலின் ஏசிஎல் (முன்பக்கக் குறுக்குத் தசைநார்) கிழிந்து, 2017 பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்திருந்தவர். இந்த ஆண்டு அவரை அளந்து அளந்துதான் ஆடவிட்டார்கள். இப்போது மறுகால்.

ரக்மேன்களுக்கு, அதாவது அம்பயர் எழுப்பும் பந்துக்குத் தாவி அதைத் தன் ஆட்களிடம் தட்டிவிடும் உயரமானவர்களுக்கு, முழங்கால் காயம் புதிதில்லை. முன்பெல்லாம் சென்டர் பவுன்ஸுக்கு, அம்பயர் மைதான நடுவில் பந்தைத் தரையில் அடித்து எழுப்பும்போது, இரு அணி ரக்மேன்களும் எட்ட இருந்து ஓடிவந்து முட்டிக்கு முட்டி மோதுவார்கள். முழங்காலின் பின்பக்கத் தசைநார் போய்விடும். அதைத் தடுக்கத்தான் 2005இல் 10 மீட்டர் வட்டம் போட்டு, அதற்குள்ளிருந்துதான் ஓட்டம் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. ஏசிஎல் வேறு வகை. யாரும் மோத வேண்டியதே இல்லை; பாதம் தரையில் பதிந்திருக்க உடல் திரும்பினால் போதும். எந்த வட்டமும் அதைத் தடுக்காது.

ஜூலை 17, செவ்வாய்

ஏசிஎல்தான். அறுவைச் சிகிச்சை, பிறகு ஏறக்குறைய ஓராண்டு. இந்தப் பருவம் முடிந்தது, அடுத்த பருவத் தொடக்கத்துக்கும் அவர் வரமாட்டார்.

ரசிகர்கள் மூன்று அணியாகப் பிரிந்துவிட்டார்கள். முதல் அணி: ஸ்காட் லைசெட் ஒருவரே ரக் போதும், இன்னொரு இடத்தை ஓடக்கூடிய மிட்ஃபீல்டருக்குக் கொடு. இரண்டாவது அணி: லைசெட்டும் நேதன் வார்டியும் சேர்ந்து ஆடட்டும். மூன்றாவது அணிக்கு இளைஞர்கள்மேல் கண். ஆஸ்கர் ஆலன் போன்ற உயரமான பையனைக் கொண்டுவந்து முன்வரிசையிலும் ரக்கிலும் பழக்கு என்கிறார்கள்.

நான் இரண்டாவது அணி. இறுதிச் சுற்றை நோக்கிப் போகும்போது 19 வயதுப் பையனை லீக்கின் பெரிய ரக்மேன்களோடு தோள்முட்ட விடுவது அவனுக்கும் நல்லதல்ல, அணிக்கும் நல்லதல்ல. முதல் அணியின் வாதம் கனமானது, அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

களத்தில் 18 பேர், பெஞ்சில் 4 பேர், ஒரு ஆட்டத்துக்கு 90 மாற்றங்கள். ரக்மேன் மட்டும் மைதானத்தின் இரு கோடிக்கும் ஓடி, ஒவ்வொரு த்ரோ-இன்னிலும் (கோட்டுக்கு வெளியே போன பந்தை அம்பயர் உள்ளே எறிவது) பவுன்ஸிலும் தோளும் இடுப்பும் கொடுத்துத் தள்ள வேண்டும். ஒருவரே ரக் என்றால் அவர் மூச்சு வாங்கும் நேரத்தில் யார் போவது? முன்வரிசையிலிருந்து ஜாக் டார்லிங் போவார். டார்லிங் ரக்குக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் கோலுக்கு முன்னால் நம்முடைய நல்ல மார்க் (உதைத்த பந்தைத் தரையில் விழாமல் பிடிப்பது) ஒன்று குறைகிறது. அதோடு, மூன்றாவது ஆள் எழும்பித் தட்டுவது 2017இலிருந்து தடை. முன்பு சின்ன ரக்மேன் முட்டுக்கொடுக்க, ஓடிவந்த மற்றொருவர் பந்தைத் தட்டிவிடலாம். இப்போது அம்பயரிடம் பெயர் கொடுத்த ஒருவருக்கு ஒருவர்தான். ஒப்புக்கு ஒருவரை நிறுத்திச் சமாளிக்கும் வழி அடைபட்டுவிட்டது.

ஜூலை 19, வியாழன்

"நைட்டனுயின் இடத்தை யார் நிரப்புவது" என்றே எல்லோரும் கேட்கிறார்கள். அவர் இடம் நிரம்பாது. 201 செ.மீ. உயரம், அதன்மேல் அந்தத் தாவல். அவர் பந்தைத் தட்டும்போது மிட்ஃபீல்டர்கள் லூக் ஷூயியும் எலியட் யேவோவும் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருப்பார்கள். நடுவட்டத்தைக் கடிகாரமாக வைத்து, இந்தப் பவுன்ஸுக்கு இத்தனை மணித் திசை என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது எல்லா அணிகளிலும் உண்டு. அந்தத் திசைக்கு எட்டு மீட்டர் தள்ளி, ஓடுகிறவன் கைக்கே பந்தைப் போடுகிறவர் நைட்டனுய் ஒருவர்தான்.

லைசெட்டின் பலம் வேறு. அவர் எதிராளியின் உடலுக்குள் முதலில் நுழைந்து, அவரைப் பந்துக்கு அடியில் நிறுத்திவிடுவார். தட்டுகிற பந்து காலடியில் விழும். ஆகவே மிட்ஃபீல்டர்கள் நிற்கும் இடம் மாற வேண்டும். நைட்டனுய்க்கு வெளியே நின்று ஓடிவந்தவர்கள், லைசெட்டுக்கு ஓரடி, ஈரடி தூரத்தில் குனிந்து நிற்க வேண்டும். ஜாக் ரெட்டன், யேவோ மாதிரி உடல் வலுவுள்ளவர்கள் உள்ளே. ஷூயி அவர்களுக்கு வெளியே. ரக்மேனை மட்டும் மாற்றி மற்றவர்களைப் பழைய இடத்திலேயே நிறுத்தினால், ஹிட்-அவுட் (ரக்மேன் தட்டிவிடும் பந்து) கணக்கில் ஜெயித்துப் பந்தைத் தோற்போம். தரையில் கிடக்கும் பந்தை எதிரணியின் டேக்லர் எடுத்துக்கொண்டு போவான்.

வார்டி பற்றி. ஜீலாங்கில் இருந்தபோது காயம் காயமாகக் கடந்தவர், 2016 முடிவில் இங்கே வந்தார். 2017இல் நைட்டனுய் இல்லை, லைசெட்டும் பெரும்பகுதி இல்லை. வார்டியும், ஓய்வு அறிவித்த பின் நார்த் மெல்போர்னிலிருந்து வந்த ட்ரூ பெட்ரியும் ரக்கைப் பங்குபோட்டார்கள். அந்த அணி இறுதிச் சுற்றுக்குப் போனது, அடிலெய்ட் ஓவலில் போர்ட் அடிலெய்டைக் கூடுதல் நேரத்தில், ஆட்டம் முடியும் சைரனுக்குப் பின் ஷூயி அடித்த கோலால் வென்றது. வார்டியை "மாற்று ஆள்" என்று ஒதுக்குகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

ஜூலை 29, ஞாயிறு

ஹோபார்ட்டில் நார்த் மெல்போர்னிடம் தோல்வி. டாட் கோல்ட்ஸ்டீன் போன்ற அனுபவசாலி ரக்மேன் எதிரே நின்றால் என்ன ஆகும் என்ற பயத்துக்கு இன்று தீனி கிடைத்துவிட்டது. ஒரே நாளில் "இரண்டு ரக் கூடாது" குரல் ஓங்கிவிட்டது.

எல்லாப் பழியையும் ரக்மேன்மேல் போட முடியாது. நம் ஆட்டம் உதை-மார்க் ஆட்டம். பின்வரிசையில் வலைபோல் விரிந்து நின்று, ஜெரமி மெக்கவர்ன் நடுவில் புகுந்து மார்க் பிடித்து, அங்கிருந்து ஆளாளுக்கு உதைத்து முன்னேறுகிறோம். இதில் உயரமான இரண்டாவது ரக்மேனின் பெரிய வேலை, பக்கக்கோட்டோரம் நின்று நீண்ட உதைக்கு இலக்காவது. பின்வரிசையிலிருந்து வெளியேற வழியில்லாதபோது அவரை நோக்கி உதை. பிடித்தால் நமக்கு, பிடிக்காவிட்டாலும் வெளியே போய் த்ரோ-இன் கிடைக்கட்டும். ஒரே ரக்மேனை வைத்து ஆடினால் அவர் முன்னே ஓய்வெடுக்கும் நேரத்தில் இந்த வழி அடைபடும்.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

நம் மிட்ஃபீல்டர் ஆண்ட்ரூ காஃப்புக்கு 8 ஆட்டத் தடை. ஞாயிறன்று உள்ளூர் எதிரிகளான ஃப்ரீமேன்டிலோடு ஆடிய டெர்பியில் அவர்களின் ஆண்ட்ரூ பிரேஷாவை அடித்ததற்கு. பையனுக்குத் தாடை உடைந்தது. தடை நியாயமானது, அதில் விவாதமில்லை.

தேர்வுக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. ஆட்டத்துக்குச் சுமார் 30 தடவை பந்தைத் தொடுகிறவர், மைதானத்தின் ஒரு ஓரம் முழுவதையும் ஓடி அளக்கிறவர் போய்விட்டார். "இப்போதாவது இரண்டாவது ரக்மேனை எடுத்துவிட்டு ஓடுகிறவனைப் போடுங்கள்" என்ற வாதத்துக்குப் புதிய பலம். காஃப்பின் ஓட்டத்தை ஒருவரால் ஈடுகட்ட முடியாது என்பதால்தான் அந்த வாதம் தவறு என்கிறேன். கிறிஸ் மாஸ்டன் ஓரத்துக்கு. டொம் ஷீட் உள்ளே கூடுதல் நேரம். ஷீட்டின் இடது கால் உதை இந்த அணியிலேயே நம்பத்தக்க ஒன்று; அவருக்கு நிமிடங்கள் கொடுத்தால் உதை-மார்க் ஆட்டத்துக்குத்தான் லாபம்.

ஆகஸ்ட் 11, சனி

அடிலெய்ட் ஓவல். சைரன் அடித்த பின் மெக்கவர்ன் கோல், 4 புள்ளியில் வெற்றி. போர்ட் அடிலெய்டுக்கு எதிராக அதே மைதானத்தில் இரண்டாவது தடவை இப்படி.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

மெல்போர்னிடம் சொந்த மைதானத்தில் தோல்வி. அவர்களின் மேக்ஸ் கான் இந்த ஆண்டின் மிகச் சிறந்த ரக்மேன், அவரை உயரத்தில் வெல்ல நம்மிடம் ஆளில்லை. சண்டையைக் காற்றிலிருந்து தரைக்கு இறக்க வேண்டும்: அவர் எழும்பும் முன் உடலைச் சாய்த்து நிற்பது, அவர் தட்டும் திசையில் நம் ஆள் ஒருவரை முன்கூட்டியே நிறுத்துவது, முடியாத இடத்தில் இன்னொரு பவுன்ஸுக்குப் பந்தைப் புதைத்துவிடுவது. இறுதிச் சுற்றில் மறுபடி இவர்களைச் சந்திக்க நேரலாம். இன்றைய காணொளியை அதற்காகப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 8, சனி

இறுதிச் சுற்றின் தகுதி ஆட்டம்: வெஸ்ட் கோஸ்ட் 12.14 (86), காலிங்வுட் 10.10 (70). முதல் எண் கோல், தலா 6 புள்ளி; அடுத்தது ஒற்றைப் புள்ளிகள்; அடைப்புக்குள் மொத்தம். அவர்களின் ரக்மேன் ப்ரோடி கிரண்டி தட்டினார், ஓடினார், தரையில் விழுந்து பந்தும் எடுத்தார். அவரை மிட்ஃபீல்டில் கூடுதலான ஓர் ஆளாகத்தான் கணக்கில் வைக்க வேண்டும். காலிங்வுட் அவரை ஏறக்குறைய ஆட்டம் முழுவதும் ரக்கில் வைக்கிறது. லைசெட், வார்டி இருவரையும் மாற்றி மாற்றி அனுப்புவதன் பயன் இதுதான்: கிரண்டிக்கு ஓய்வில்லை, நம்முடையவருக்கு உண்டு. ஆட்டத்தின் முதல் கால்பகுதியில் தெரியாது, கடைசிக் கால்பகுதியில் தெரியும்.

விலை கொடுத்தோம். பிராட் ஷெப்பர்டுக்குத் தொடையின் பின்தசை. இந்தப் பருவத்துக்கு அவர் இனி இல்லை.

செப்டம்பர் 13, வியாழன்

ஷெப்பர்டுக்கு மாற்று யார்? நடுத்தர உயரம், வேகமான சிறு ஃபார்வர்டையும் பிடிப்பார், உயரமானவரோடும் நிற்பார். அப்படி இன்னொருவர் பெஞ்சுக்கு வெளியே இல்லை. மாநில லீக் அணியான ஈஸ்ட் பெர்த்தில் ஆடிக்கொண்டிருக்கும் வில் ஸ்கோஃபீல்டை எடுத்தால் உயரம் கூடும், வேகம் குறையும். ஜாக்சன் நெல்சனை எடுத்தால் நேர்மாறு.

நான் ஸ்கோஃபீல்டு பக்கம். அவர் வந்தால் மெக்கவர்னும் டாம் பாராஸும் ஆளைப் பிடிக்கும் வேலையிலிருந்து ஓரளவு விடுபட்டு, குறுக்கே புகுந்து மார்க் பிடிக்கலாம். சிறு ஃபார்வர்டுகளை லியாம் டக்கன், டாம் கோல், லூயிஸ் ஜெட்டா மூவரும் பார்த்துக்கொள்வார்கள். ஸ்கோஃபீல்டு 2015 இறுதிப் போட்டியில் ஹாத்தோர்னிடம் தோற்ற அணியில் ஆடியவர். அவருக்கு இந்த மேடை புதிதல்ல.

செப்டம்பர் 22, சனி

இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில் மெல்போர்னை வென்றோம், 18.13 (121) க்கு 7.13 (55). மெல்போர்ன் முதல் பாதியில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஸ்கோஃபீல்டு உள்ளே வந்தார், வலை கிழியவில்லை. கான் தன் பங்குக்குத் தட்டினார், ஆனால் தட்டிய பந்து போய்ச் சேர்ந்த இடத்தில் நம் ஆட்கள் நின்றார்கள். ஆகஸ்டில் செய்யாததை இன்று செய்தார்கள். ஒருவரை மாற்றியதற்கு இணையாக, நிற்கும் இடங்களை மாற்றியதும் இந்த வெற்றிக்குக் காரணம்.

செப்டம்பர் 27, வியாழன்

காலிங்வுட்டுடன் இறுதிப் போட்டிக்கு அதே 22 பேர். சரியான முடிவு.

இன்னும் இரண்டு விவாதம் ஓடுகிறது. ஒன்று அவர்களின் மேசன் காக்ஸ், 211 செ.மீ. போன வெள்ளி ரிச்மண்டுக்கு எதிராக இரண்டாம் கால்பகுதியில் மட்டும் 3 கோல். அவரைத் தனியாளாகப் பிடிக்க முடியாது. அவருக்கு வரும் உதையை உதைக்கிறவனை நெருக்குவதே மருந்து. இரண்டாவது ஸ்டீல் சைட்பாட்டம், அதே ஆட்டத்தில் 41 தடவை பந்தைத் தொட்டவர். மார்க் ஹட்சிங்ஸை அவர்மேல் ஒட்டவிட்டால் நமக்கு ஒரு மிட்ஃபீல்டர் குறைவு என்கிறார்கள். குறையட்டும். ரக்கில் கிரண்டி பக்கம் கை ஓங்கும் என்பது தெரிந்த விஷயம். அவர் தட்டும் பந்தை வாங்கும் கையை வெட்டினால்தான் சமன்.

எதிரணியில் டைசன் கோல்ட்சாக்கைப் பாராட்ட வேண்டும். பருவத்துக்கு முன் ஏசிஎல் கிழிந்தவர், இறுதிச் சுற்றுக்குள் திரும்பிவிட்டார். அப்படித் திரும்புவது மிக அரிது. நைட்டனுயிடம் இதை எதிர்பார்க்கக் கூடாது, அவருக்கு இது இரண்டாவது முழங்கால்.

செப்டம்பர் 29, சனி

வெஸ்ட் கோஸ்ட் 11.13 (79), காலிங்வுட் 11.8 (74). எம்சிஜியில் 1,00,022 பேர்.

காலிங்வுட் முதல் ஐந்து கோல்களையும் அடித்தது. அந்த நேரத்தில் நடுவட்டத்தில் நாம் எல்லாவற்றையும் இழந்துகொண்டிருந்தோம். பிறகு மெதுவாகப் பவுன்ஸைச் சுற்றி நெருக்கம் கூடியது, பந்து சுத்தமாக வெளியே வருவது குறைந்தது. ஹட்சிங்ஸ் சைட்பாட்டத்தை 14 தடவையோடு நிறுத்தினார். ஷூயி 34 தடவை தொட்டார், இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் அவருக்கே.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே, காலிங்வுட் முன்னிலையில். மெக்கவர்ன் பின்வரிசையில் குறுக்கே புகுந்து மார்க். அங்கிருந்து நீண்ட உதை, போட்டியில் வார்டி எழும்பிப் பிடிக்கிறார். வார்டி லியாம் ரயானுக்கு, ரயான் ஷீட்டுக்கு. ஷீட் பக்கவாட்டுக் குறுகிய கோணத்திலிருந்து இடது காலால் கோல். இந்தத் தொடரில் காயத்தால் இடம் கிடைத்தவர் ஒருவர், தடையால் நிமிடம் கூடியவர் ஒருவர். ஜூலையில் இரண்டாவது ரக்மேனை எடுத்துவிடச் சொன்னவர்கள் மெக்கவர்னின் அந்த நீண்ட உதை யாரை நோக்கிப் போனது என்று பார்க்கட்டும்.

அக்டோபர் 18, வியாழன்

அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் வர்த்தகக் காலம் முடிந்தது. லைசெட் சுதந்திர வீரராக (ஒப்பந்தம் முடிந்து விரும்பிய அணிக்குப் போகக்கூடியவர்) போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டார். நைட்டனுய் அடுத்த ஆண்டின் முதல் பாதிக்கு இல்லை. செயின்ட் கில்டாவிலிருந்து டாம் ஹிக்கியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஹிக்கி, வார்டி இருவரில் யார் முதல் ரக்? ஹிக்கி பவுன்ஸில் நல்லவர், வார்டி முன்வரிசையில் மார்க் பிடிப்பவர். ஹிக்கி நடுவில் தொடங்க, வார்டி முன்னிருந்து வந்து மாற்றட்டும். அடுத்த ஆண்டு 6-6-6 விதி வருகிறது. சென்டர் பவுன்ஸின்போது மூன்று பகுதியிலும் ஆறாறு பேர் நிற்க வேண்டும், பின்வரிசைக்கு ஒருவரைக் கூடுதலாக இறக்க முடியாது. நடுவட்டத்தில் தோற்கும் பந்து நேராக முன்வரிசைக்குப் போகும். ஆகவே பயிற்சி தொடங்கும் நாளிலிருந்தே ஹிக்கி எந்தத் திசைக்குத் தட்டுகிறார், ஷூயியும் யேவோவும் எத்தனை அடி தள்ளி நிற்கிறார்கள் என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.