கிலோவுக்கு 900 மில்லிகிராம் ஈயம் என்றால் என்ன?

மூடிப்போன சுரங்கத்தைச் சுற்றியுள்ள மண்ணைப் பற்றி எந்த அறிக்கை வந்தாலும் அதில் கட்டாயம் ஒரு எண் இருக்கும். கிலோவுக்கு 900 மில்லிகிராம் ஈயம் என்கிற மாதிரி. உடனே ஒரு கூட்டம் பதறும், இன்னொரு கூட்டம் "அது அந்த மலையிலேயே இருக்கிற ஈயம்தானே, தாது இருந்ததால்தானே தோண்டினார்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். (இரண்டாவது கூட்டத்துக்கு ஒரே பதில்: அதே வகைப் பாறை உள்ள, யாரும் தோண்டாத பக்கத்து இடத்திலிருந்தும் மண் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வாதம் அங்கேயே முடிந்துவிடும்.) ஆனால் பதறுகிறவர்கள், பதறாதவர்கள் இருவருமே அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். எனக்கு அந்த எண்ணின் மேலேயே பெரிய மரியாதை கிடையாது.

முதலில் இந்த மண் எப்படிக் கெடுகிறது என்று பார்த்துவிடலாம். பாறையை மாவாக அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் மிஞ்சுகிற கழிவைத்தான் டெய்லிங்ஸ் என்கிறார்கள். பழைய சுரங்கங்களில் பிரித்தெடுக்கும் முறை மட்டமாக இருந்ததால் ஏகப்பட்ட உலோகம் கழிவோடே போயிருக்கும். கூடவே பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பூமிக்கடியில் இருந்தவரை அது சாது. காற்றும் தண்ணீரும் பட்டதும் கந்தக அமிலம் உண்டாகிறது, இரும்பை வைத்தே பிழைக்கிற சில பாக்டீரியாக்கள் அந்த வேலையைப் பல மடங்கு வேகப்படுத்துகின்றன. கலிஃபோர்னியாவில் உள்ள அயர்ன் மவுன்டன் சுரங்கத்துக்குள் எடுத்த நீரில் பி.எச். (எண் இறங்க இறங்க அமிலம் கடுமை) மைனஸ் 3.6 வரை பதிவாகியிருக்கிறது. ஆமாம், மைனஸ்.

இந்த அமில நீர் வழியிலுள்ள துத்தநாகம், காட்மியம், தாமிரம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்கும். நல்ல தண்ணீரோடு கலந்து அமிலம் தணியும்போது இரும்பு ஆரஞ்சு நிறச் சேறாகப் படியும். படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் எடுப்பார்கள். 2015 ஆகஸ்டில் கொலராடோவின் கோல்டு கிங் சுரங்கத்திலிருந்து சுமார் 1.1 கோடி லிட்டர் கழிவு நீர் உடைத்துக்கொண்டு வந்து அனிமஸ் ஆறே ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறமானபோது உலகம் முழுக்க அந்தப் படம் ஓடியது. சில நாளில் நிறம் போனது, செய்தியும் போனது. படுகையில் படிந்தது மட்டும் உடனே போய்விடவில்லை, பனி உருகிப் பெருக்கெடுக்கும்போது மறுபடி கிளம்பிக் கீழே நகர்ந்தது. இதில் ஒரு வேடிக்கை, அந்த ஆரஞ்சுச் சேறு ஆர்செனிக்கையும் ஈயத்தையும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், அந்த அளவில் அது நல்லதும்கூட. பிற்பாடு அதன்மேல் வேறு வண்டல் மூடி, உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அந்த இரும்பு கரையும், பிடித்துவைத்திருந்த ஆர்செனிக் வெளியே வரும்.

கோடையில் இப்படிப்பட்ட கழிவு மேட்டோரம் போனால் மண்ணின் மேல் வெள்ளையாக, மஞ்சளாக, சில இடத்தில் வெளிர் பச்சையாகப் பூத்திருப்பதைப் பார்க்கலாம். விரலால் தொட்டால் உதிரும் (தொட வேண்டாம்). ஈரம் ஆவியாகி மேலே ஏறும்போது சேர்ந்து உறைந்த சல்பேட் உப்புகள் அவை, அமிலமும் உலோகமும் அவற்றுக்குள்ளேயே இருக்கின்றன. முதல் மழை விழுந்ததும் மொத்தமாகக் கரைந்து ஓடைக்குப் போகும். மாதக்கணக்கில் சேர்ந்தது சில மணி நேரத்தில் இறங்குவதால் மீன்கள் செத்து மிதப்பது பெரும்பாலும் இந்த முதல் மழையில்தான். மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் எடுத்துச் சோதிக்கிற திட்டத்தில் அந்த நாள் சிக்கினால் அதிர்ஷ்டம்.

சரி, அந்த 900-க்கு வருவோம். எந்தச் சல்லடையில் சலித்த மண்ணில் 900? இதை ஏன் கேட்கிறேன் என்றால், உலோகம் நுண்துகளோடுதான் அதிகம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆற்று வண்டலை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து அளந்தால் மணல் கலந்து எண் இறங்கிவிடும், அதே வண்டலை 63 மைக்ரானில் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சலித்தால் எண் ஏறிவிடும். இரண்டும் பொய்யில்லை. குழந்தைகளின் கையில் ஒட்டி வாய்க்குள் போகிற மண் எது என்பதுதான் கவலை என்றால் 150 மைக்ரானுக்குக் கீழே உள்ளதைப் பாருங்கள் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. 2016 வரை அவர்களே 250 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டு மண்ணில் ஈயத்துக்கு வைத்திருந்த எச்சரிக்கை அளவும் இப்படித்தான், பல ஆண்டுகளாக 400 பிபிஎம் (அதாவது கிலோவுக்கு 400 மில்லிகிராம்) என்று இருந்ததை 2024-ல் 200 ஆக்கினார்கள்.

அடுத்தது, எந்த வடிவத்தில் உள்ள ஈயம்? கலீனா என்கிற ஈய சல்பைடு வயிற்று அமிலத்தில் அவ்வளவு சுலபமாகக் கரையாது. அதுவே காற்றுப்பட்டு மாறி ஈய கார்பனேட் ஆகியிருந்தால் நன்றாகக் கரையும். மொத்த அளவு இரண்டிலும் 900, உடம்புக்குள் போவது வேறு வேறு. இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் பன்றிக்குட்டிகளுக்கு அந்த மண்ணைக் கலந்து கொடுத்து ரத்தத்தில் ஈயம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். பிறகு கண்ணாடிக் குடுவையிலேயே செய்ய வழி வந்தது: வயிற்று அமிலத்தைப் போல பி.எச். 1.5 உள்ள கிளைசின் கரைசலில் மண்ணைப் போட்டு, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் சுழற்றி, கரைந்தது எவ்வளவு என்று அளப்பது. பெரிய செலவு பிடிக்கிற காரியமும் இல்லை. ஆனாலும் மொத்த அளவோடு நிறுத்திவிடுகிற அறிக்கைகள்தான் என் கண்ணில் அதிகம் படுகின்றன, எரிச்சலாக இருக்கிறது. ஜாம்பியாவின் கப்வேயில் ஈயச் சுரங்கமும் உருக்காலையும் 1994-ல் மூடப்பட்டன, அங்கே இன்றும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறிக்கொண்டிருப்பதற்கு முக்கியக் காரணம் தூசி. காற்றில் பறக்கிற அளவுக்குச் சன்னமான தூசி என்றால் மேலே சொன்ன துகள் அளவுக் கேள்வியும் வடிவக் கேள்வியும் ஒன்றாக வந்து நிற்கும்.

ஆழத்தையும் கேட்க வேண்டும். ஆற்றோர வயல்களில் ஒவ்வொரு வெள்ளமும் ஒரு படலம் போட்டுவிட்டுப் போகும், சுரங்கம் மும்முரமாக ஓடிய காலத்துப் படலம் இப்போது கீழே புதைந்திருக்கும். மேல்மண்ணை மட்டும் சுரண்டி எடுத்தால் சுத்தமாகத் தெரியும். ஆறு கரையை அரிக்கும்போது அந்தப் பழைய படலம் வெளியே வந்து, கீழ்ப்பகுதியில் இன்னொருவர் நிலத்தில் போய்ப் படியும். வேல்ஸ் நாட்டில் சுரங்கங்கள் மூடிப் பல பத்தாண்டுகள் ஆனபிறகு, 2012 ஜூன் வெள்ளம் புல்வெளிகளில் வண்டலை விட்டுப்போனது. அந்தப் புல்லை அறுத்துப் பதப்படுத்திக் கொடுத்ததில் மாடுகள் ஈய நஞ்சேறிச் செத்தன. உலக அளவில் உலோகச் சுரங்கங்களால் பாதிக்கப்பட்ட வெள்ளச் சமவெளிகளில் சுமார் 2.3 கோடிப் பேர் வசிக்கிறார்கள் என்று 2023-ல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது.

நெல் வயல் என்றால் கதை இன்னும் சிக்கல். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் பகுதியில் கமியோகா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் பாசனநீர் வழியாக வயலுக்குப் போய், அரிசி வழியாக மனிதர்களுக்குப் போய், எலும்பு நொறுங்கி வலியில் கதறுகிற இட்டாய்-இட்டாய் நோயாக வந்தது. 1968-ல் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. வயல்களில் மண்ணை மாற்றும் வேலை முடிய 2012 ஆகிவிட்டது. இந்தக் காட்மியம், வயலில் தண்ணீர் நிற்கிற வரைக்கும் சல்பைடாக அடங்கிக் கிடக்கும், கதிர் முற்றும் நேரத்தில் தண்ணீரை வடித்தால் கரைந்து வேருக்குப் போகும். அப்படியானால் கடைசிவரை தண்ணீரைக் கட்டிவைக்கலாமே என்றால், அப்போது ஆர்செனிக் அவிழ்ந்துகொள்ளும். இரண்டும் உள்ள மண்ணில் எவ்வளவு நாள் தண்ணீர் கட்டுவது என்று முடிவெடுக்கிற விவசாயிக்கு மண்ணின் மொத்த அளவு மட்டும் எந்த உதவியும் செய்யாது.

சரிசெய்கிற முறைகளிலும் இதே இழுபறி. பாஸ்பேட் போட்டால் ஈயம் கரையாத கனிமமாக இறுகும், ஆனால் ஆர்செனிக் இடம்பெயர்ந்து நீருக்குள் போகும். படுகையைத் தூர்வாரி எடுத்துக் கரையில் கொட்டினால் உள்ளே அடங்கியிருந்த சல்பைடுகள் காற்றுப்பட்டு அமிலமாகும். உலோகத்தை உறிஞ்சும் செடிகளை நட்டால் போதும் என்று அடிக்கடி யாராவது உற்சாகமாக எழுதுவார்கள். உறிஞ்சும்தான், ஆனால் கெட்டியாக மாசுபட்ட இடத்தில் அதை நம்பி உட்கார்ந்தால் பல தலைமுறை ஆகும், அறுத்த செடியையும் எங்கேயாவது போட்டாக வேண்டும். எனக்கு அதைவிட நம்பிக்கை, சுண்ணாம்பும் மட்கு உரமும் போட்டு, உலோகத்தைத் தாங்கிக்கொள்கிற, ஆனால் தண்டுக்கும் இலைக்கும் ஏற்றாத புல்வகைகளை வளர்த்து, தூசியும் மண்ணரிப்பும் இல்லாமல் பிடித்துவைப்பதில்தான். அதில் மாடு மேயாமல் பார்த்துக்கொள்ள ஒரு வேலியும், சில வருடத்துக்கு ஒருமுறை பி.எச். பார்த்து மறுபடி சுண்ணாம்பு போட ஆளும் வேண்டும். திட்ட மதிப்பீட்டில் புல்விதைக்குக் காசு ஒதுக்குகிற அளவுக்கு இந்தக் கடைசி இரண்டுக்கும் யாரும் ஒதுக்குவதில்லை.