நெப்ராஸ்கா கிராமத்தில் வீட்டுக் கடன்: யாரிடம் கேட்பது?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 93 கவுண்டிகள், நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. ஒமாஹா, லிங்கன் பக்கத்து மூன்றை விட்டால், மற்றவற்றில் கார் நம்பர் பிளேட்டின் முதல் எண்ணை வைத்தே வண்டி எந்தக் கவுண்டி என்று சொல்லிவிடலாம். 1922ல் எந்தக் கவுண்டியில் அதிக வண்டிகள் பதிவாகியிருந்தனவோ அதற்கு முதல் எண், அப்படியே வரிசையாக. என் வண்டியில் இருக்கும் எண் வரிசையின் பின்பாதியில் வருகிறது. எப்படிப்பட்ட இடம் என்பது அதிலிருந்தே புரியும். சோள வயலில் வட்டமாகச் சுற்றி நீர் பாய்ச்சுகிற பிவட் இயந்திரம் இருக்கிறதே, அதற்கு கியர்பாக்ஸ் வடிவமைப்பது என் வேலை. எச்1பி என்கிற வேலை விசாவில் இருக்கிறேன். நிரந்தரக் குடியுரிமைக்கான கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் ஆயிரக்கணக்கான இந்தியர்களில் நானும் ஒருவன்.

இங்கே வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஊரில் இருப்பதே கொஞ்சம் வீடு, அதிலும் வாடகைக்கு விடுபவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அதனால் வாங்குவது என்று முடிவாயிற்று. ஊருக்கு வெளியே, கப்பிச் சாலையில், ஆறு ஏக்கரோடு ஒரு பழைய வீடு. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. இந்த மாதிரி வீடுகளை இங்கே ஏக்கரேஜ் என்பார்கள். விலை 2 லட்சத்து 10 ஆயிரம் டாலர். டல்லாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் நண்பர்கள் விலையைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். வீடு மலிவுதான், அதற்குக் கடன் வாங்குவதுதான் பெரும்பாடு.

நகரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்கிற வழியில்தான் நானும் ஆரம்பித்தேன். விளம்பரத்தில் வரும் பெரிய ஆன்லைன் நிறுவனம் ஒன்றில் விண்ணப்பம் போட்டேன். சம்பளம், கிரெடிட் ஸ்கோர், விசா எதிலும் சிக்கல் இல்லை. சிக்கல் வைக்கோலில் வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நாலு ஏக்கர் புல்லை அடுத்த பண்ணைக்காரர் அறுத்துக்கொண்டு, அதற்கு விற்பவரிடம் வருடத்துக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து வந்திருக்கிறார். வீட்டை மதிப்பிடும் அப்ரைசல் அறிக்கையில் அது ஒரு வரியாக ஏறிவிட்டது. அவ்வளவுதான், "இது வருமானம் தரும் விவசாயச் சொத்து" என்று, கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் அண்டர்ரைட்டர் கையை விரித்துவிட்டார். ஆறு ஏக்கரில் யார் ஐயா விவசாயம் பண்ணிப் பிழைப்பது என்று நான் போனில் கேட்டதற்குப் பதில் இல்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. கொடுக்கிற கடனை, வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் போன்ற நிறுவனங்களுக்கு உடனே விற்றுவிடுகிறவர்கள் அவர்கள். வாங்குபவரின் விதிப்புத்தகத்தில் பொருந்தாத கடனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கிராமப்புறத்தில் கடன் தேடும்போது வட்டி எவ்வளவு என்பதைப் பிறகு கேட்கலாம். முதலில் கேட்க வேண்டியது இது: "இந்தக் கடனை நீங்களே வைத்துக்கொள்வீர்களா, விற்றுவிடுவீர்களா?" கடனை விற்றுவிடுபவர் என்றால், உங்கள் வீடு எங்கோ எழுதிய விதிகளுக்குள் அடங்க வேண்டும். தானே வைத்துக்கொள்பவர் என்றால், அவர் வீட்டை நேரில் வந்து பார்த்து முடிவெடுக்கலாம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதத் தவணையை யார் வசூலிக்கிறார்கள் என்பதும் கடன் யாருடையது என்பதும் வேறு வேறு. தவணையை உள்ளூர் வங்கியிலேயே கட்டுவீர்கள், கடன் எப்போதோ விற்கப்பட்டிருக்கும். அதனால் கேள்வியைத் தெளிவாகக் கேட்க வேண்டும்.

சரி, தானே வைத்துக்கொள்பவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் தேடினால் விளம்பரம் கொடுக்கிறவர்கள்தான் மேலே வருவார்கள். வீட்டுக் கடன் புள்ளிவிவரங்களை அரசு வெளியிடுகிறது, ஆனால் பெருநகரப் பகுதியில் கிளையே இல்லாத வங்கிகள் அந்தக் கணக்கைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆக, நமக்கு வேண்டியவர்கள் அதில் கண்ணில் பட மாட்டார்கள். நான் போனது கவுண்டி தலைமை ஊரில் இருக்கும் கோர்ட்ஹவுஸுக்கு. அங்கே பத்திரப் பதிவு அலுவலகம் இருக்கிறது. நெப்ராஸ்காவில் வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கினால் டீட் ஆஃப் டிரஸ்ட் என்ற பத்திரம் அங்கே பதிவாகும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சமீபத்தில் பதிவானவற்றைப் புரட்டினால் எந்தெந்த வங்கி இந்தக் கவுண்டியில் உண்மையில் வீட்டுக்குக் கடன் கொடுக்கிறது என்று தெரிந்துவிடும். நான் கேள்விப்படாத பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. டிவியில் வருகிற பெயர்கள் அரிதாகத்தான் தென்பட்டன.

இதை எங்கள் அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "அப்போ வில்லங்கமும் அங்கேயே பாத்துட்டியாப்பா?" இங்கே அந்த வேலையை, சொத்தின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி பார்க்கும் என்று சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. டைட்டில் கம்பெனியில் இருப்பவர்களிடமும் பேசிப் பாருங்கள். எந்த வங்கி சொன்ன தேதியில் பணம் கொண்டுவரும், எது கடைசி நிமிடத்தில் இழுத்தடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

இப்போது அரசுத் திட்டங்கள். கிராமம் என்றதும் எல்லோரும் சொல்வது யுஎஸ்டிஏ கடன், அமெரிக்க வேளாண்மைத் துறையுடையது. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. அதில் இரண்டு வகை. ஒன்று, வங்கி கடன் கொடுக்க, அரசு உத்தரவாதம் நிற்பது. டவுன் பேமென்ட் ஒரு பைசா வேண்டாம், 30 வருட நிலையான வட்டி. குடும்ப வருமானம் அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தில் 115 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உத்தரவாதக் கட்டணம் ஆரம்பத்தில் 1 சதவீதம், அப்புறம் வருடத்துக்கு 0.35 சதவீதம். 2 லட்சம் டாலர் கடன் என்றால் முதலில் 2,000 டாலர், அதைக் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம். பிறகு முதல் வருடத்தில் மாதம் 58 டாலர் போல வரும். இரண்டாவது வகையில் வங்கியே கிடையாது, வேளாண்மைத் துறை அலுவலகமே நேரடியாகக் கொடுக்கும். அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு. மானியம் முழுதாகக் கிடைத்தால் வட்டி 1 சதவீதம் வரைகூட இறங்கும், 33 வருடம் தவணை. கூட வேலை பார்க்கும் வெல்டர் ஒருவர் அப்படித்தான் வீடு வாங்கியிருக்கிறார்.

ஆனால் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யுஎஸ்டிஏ கடனுக்கு நீங்கள் குடிமகனாகவோ கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ளவராகவோ இருக்க வேண்டும். எச்1பிக்கு அந்தக் கதவு திறக்காது. குறைந்த முன்பணத்தில், அரசு காப்பீட்டோடு வரும் எஃப்எச்ஏ கடன் முன்பு கிடைத்துக்கொண்டிருந்தது. 2025 மே 25 முதல் நிரந்தரக் குடியிருப்பு இல்லாதவர்களுக்கு அதையும் நிறுத்திவிட்டார்கள். பழைய பதிவுகளில் "எச்1பியா, எஃப்எச்ஏ போங்க, மூன்றரை சதவீதம் முன்பணம் போதும்" என்று படித்துவிட்டு யாரும் கிளம்பிவிடாதீர்கள். ஃபேனி மே வகைக் கடன் எச்1பிக்கு இன்னும் உண்டு. ஊருக்குள் சாதாரண வீடு என்றால் அதிலேயே முடித்துக்கொள்ளலாம்.

ஃபார்ம் கிரெடிட் என்று ஒன்று இருக்கிறது, நகரத்துக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. 1916ல் சட்டம் போட்டு ஆரம்பித்த கூட்டுறவு அமைப்பு. விவசாயிகளுக்குத்தான் முக்கியமாக, ஆனால் 2,500 பேருக்கு மேல் இல்லாத ஊர்களிலும் கிராமப் பகுதிகளிலும் விவசாயி அல்லாதவர்களுக்கும் வீட்டுக் கடன் கொடுக்கலாம். கடன் வாங்குபவர் பங்கு வாங்கி உறுப்பினராகிவிடுவார். லாபம் வந்த வருடத்தில் அந்த லாபத்தில் ஒரு பகுதியை உறுப்பினர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. நம்ம ஊர் கூட்டுறவுச் சங்கத்தை நினைத்துக்கொண்டு தள்ளிப் போகாதீர்கள், இது வேறு ரகம்.

கடைசியில் எனக்குக் கடன் கொடுத்தது மெயின் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஒரு சின்ன வங்கி. கடன் அதிகாரி அறுபதை நெருங்கும் ஒரு அம்மா. மேஜை மேல் விதை கம்பெனி தொப்பி, மண் பரிசோதனை அறிக்கைகள். வைக்கோல் விவகாரத்தை நானே முதலில் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, அந்தப் பண்ணைக்காரர் இங்கேதான் கணக்கு வைத்திருக்கிறார் என்றார். பிறகு கேட்ட கேள்விகள்தான் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போகும் பாதை கவுண்டியுடையதா, தனியாருடையதா? தனியார் என்றால் பனி விழும்போது யார் வழிப்பது? கிணறும் செப்டிக்கும் எவ்வளவு தூரம் தள்ளி இருக்கின்றன? எரிவாயு நிரப்பும் புரொப்பேன் டேங்க் சொந்தமா, கம்பெனிக்காரனுடைய வாடகை டேங்கா? விசா பற்றியும் கேட்டார். அனுமதி எப்போது முடிகிறது, நீட்டிப்புக்கு நிறுவனம் கடிதம் தருமா என்று. வாரம் ஒருமுறை கூடும் கமிட்டி முடிவு செய்யும் என்றார்.

தண்ணீரைப் பரிசோதிக்கச் சொன்னதும் அவர்தான். நெப்ராஸ்கா கிராமக் கிணறுகளில் உரத்தால் ஏறும் நைட்ரேட் பெரிய தலைவலி. பொதுக் குடிநீருக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்பது மத்திய அரசு வரம்பு. சொந்தக் கிணற்றை யாரும் வந்து சோதிக்க மாட்டார்கள், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு வந்தது 13. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுப்படித் தொட்டிக்கு அடியில் ஆர்ஓ வைக்கும் செலவை விற்பவர் ஏற்றுக்கொண்டார்.

இந்த வகைக் கடனில் இலவசம் என்று எதுவும் இல்லை. 20 சதவீதம், அதாவது 42,000 டாலர் முன்பணம் கேட்டார்கள். வட்டி ஆன்லைன்காரர்களைவிடக் கால் சதவீதம் கூட. முக்கியமான விஷயம் பலூன். கிராமப்புறச் சின்ன வங்கிகளுக்கு பலூன் கடன் கொடுக்கச் சட்டத்தில் தனிச் சலுகை உண்டு. 20 வருடக் கணக்கில் தவணை கட்டுவீர்கள், ஆனால் 5 வருடம் முடிந்ததும் மீதி முழுவதையும் ஒரே நாளில் கேட்கலாம். என் கடன் 1 லட்சத்து 68 ஆயிரம். 7 சதவீத வட்டியில் 5 வருடம் ஒழுங்காகக் கட்டினாலும் கிட்டத்தட்ட 1 லட்சத்து 45 ஆயிரம் நிற்கும். "அதெல்லாம் வழக்கமாப் புதுப்பிச்சிடுவோம்" என்பார்கள். புதுப்பிப்பார்கள்தான், ஆனால் அந்த வருடம் பார்த்து உங்கள் விசா நீட்டிப்பு நிலுவையில் இருந்தால்? அதனால் நான் பலூன் வேண்டாம், 5 வருடத்துக்கு ஒருமுறை வட்டி மாறுகிற மாதிரி, அந்த மாற்றத்துக்கு உச்சவரம்போடு கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார்கள். கேட்காமல் இருந்தால் பலூன்தான் வந்திருக்கும்.

இதையெல்லாம் வாய்வார்த்தையில் நம்ப வேண்டியதில்லை. விண்ணப்பம் போட்ட மூன்று வேலை நாளுக்குள் லோன் எஸ்டிமேட் என்ற மூன்று பக்கத் தாள் தர வேண்டும். முதல் பக்கத்திலேயே பலூன் உண்டா இல்லையா, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா, வட்டி ஏறுமா என்று தனித்தனி வரியில் இருக்கும். எந்த வங்கிக்குப் போனாலும் அதே அச்சுப்படிவம்தான். நாலு இடத்தில் வாங்கி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறுகிய காலத்துக்குள் பல இடங்களில் வீட்டுக் கடனுக்குக் கேட்டால் கிரெடிட் ஸ்கோரில் அதை ஒரே விசாரிப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், பயப்பட வேண்டாம்.

கணக்குப் போடும்போது இன்சூரன்ஸை மறந்துவிடாதீர்கள். கடன் கொடுப்பவர் அது இல்லாமல் நகர மாட்டார். தீயணைப்பு நிலையம் ஐந்து மைலுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், தாண்டினால் பிரீமியம் எகிறும். ஆலங்கட்டி மழை இங்கே சகஜம் என்பதால் காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு மட்டும் தனியாக, வீட்டு மதிப்பில் இத்தனை சதவீதத்தை முதலில் நம் கையிலிருந்து போட வேண்டும் என்று வைப்பார்கள். வீட்டைப் பார்த்த அன்றே இன்சூரன்ஸ் விலையைக் கேட்டுவிடுவது நல்லது. எங்களுக்கு வந்த மேற்கோள்களில் அதிகத்துக்கும் குறைவுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம்.

அப்புறம் சொத்து வரி. நெப்ராஸ்காவில் அது ஒரு வருடம் பின்தங்கித்தான் கட்டப்படும். சின்னக் கவுண்டிகளில் முதல் பாதியை மே 1க்குள், மறு பாதியை செப்டம்பர் 1க்குள் கட்ட வேண்டும். அதனால் வீடு கைமாறும் க்ளோசிங் அன்று விற்பவர் தான் குடியிருந்த காலத்துக்கான வரியை உங்கள் கணக்கில் கழித்துக் கொடுப்பார். கையில் கொண்டுபோக வேண்டிய பணம் அந்த அளவுக்குக் குறையும். வரியையும் இன்சூரன்ஸையும் தவணையோடு வசூலித்து வங்கியே கட்டுவதற்கான எஸ்க்ரோ கணக்கைச் சின்ன வங்கிகள் சிலது வைப்பதில்லை, எங்கள் வங்கியும் அப்படித்தான். அந்தப் பணத்தை மாதாமாதம் நாமே ஒதுக்கி வைக்க வேண்டும். நான் கிரெடிட் யூனியன் என்கிற கூட்டுறவு வங்கியில் அதற்கென்று ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, சம்பளத்தில் இருந்து நேராகப் போகும்படி செய்துவிட்டேன்.