கெட்டெக்ஸ்ட் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னபோது

ஷெல் ஸ்கிரிப்டில் எழுதியிருந்த ஒரு நிறுவல் நிரலுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்தது. மொழிபெயர்ப்பாளர் எழுதும் பிஓ கோப்பை, நிரல் படிக்கும் எம்ஓ கோப்பாக மாற்றி, உரிய அடைவில் போட்டு, சோதனைக்கு அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: திரை முழுக்க ஆங்கிலம். கோப்பு முழுமையானதுதானா என்று உடனே மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிக் கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாகத் தன் கோப்பைப் படம்பிடித்து அனுப்பினார், எல்லா வரிகளும் இருந்தன. அவரைக் கேட்டதே தவறு, டெர்மினலில் நானே பார்த்திருக்க வேண்டிய விஷயம் அது.

நிரலின் வரிகளுக்கு மொழிபெயர்ப்பைத் தேடித் தரும் கெட்டெக்ஸ்ட் என்றதும் நிரலுக்குள் கூப்பிடும் ஃபங்ஷன்தான் பலருக்கும் நினைவுக்கு வரும், ஆனால் அதே பெயரில் ஒரு கட்டளையும் உண்டு. டொமைன் பெயரையும் (எம்ஓ கோப்புக்கு வைத்த பெயர்) மூல ஆங்கில வரியையும் கொடுத்தால் அதற்கான மொழிபெயர்ப்பை எடுத்து அச்சிடும். கிடைக்காவிட்டால் மூல வரியையே திருப்பித் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது, எக்சிட் கோடும் 0 தான், அதாவது எல்லாம் சரி என்று பொருள். பயனாளருக்கு இது நல்ல ஏற்பாடு, வெற்றுத் திரைக்குப் பதிலாக ஆங்கிலமாவது தெரிகிறது. ஆனால் ஏன் கிடைக்கவில்லை என்று தேடுகிறவருக்கு ஒரு துப்பும் மிஞ்சாது.

எம்ஓ கோப்பைத் திரும்ப பிஓவாக விரித்துப் பார்த்தேன், தமிழ் வரி உள்ளே இருக்கிறது. லாங்குவேஜ் என்ற சூழல் மாறியில் தமிழைக் கொடுத்துக் கேட்டேன், அப்போதும் ஆங்கிலம். கடைசியில், எந்தெந்தக் கோப்புகளைத் திறக்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸில் ஓட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது, கெட்டெக்ஸ்ட் தமிழ் அடைவைத் திறக்க முயலவே இல்லை! நான் ஓட்டிய கன்டெய்னரில் (தனித்து ஓடும் சிறு சூழல்) தமிழ் லோக்கேல், அதாவது தமிழுக்கான மொழி அமைப்பு, உருவாக்கப்படவில்லை, அதனால் நிரல் சத்தமில்லாமல், எந்த மொழியும் அமைக்காதபோது இருக்கும் சி லோக்கேலுக்குப் போய்விட்டது, சி லோக்கேலில் இருக்கும்போது லாங்குவேஜ் மாறியில் என்ன எழுதினாலும் கெட்டெக்ஸ்ட் அதைக் கண்டுகொள்ளாது. லோக்கேலை உருவாக்கிவிட்டு அதே கட்டளையை மறுபடி ஓட்டினேன், தமிழ் வந்தது. மன்னிப்புக் கேட்டு மொழிபெயர்ப்பாளருக்கு அன்றே எழுதினேன்.

அப்புறமும் இரண்டு வரிகள் ஆங்கிலத்திலேயே நின்றன. ஒன்று ஃபஸி என்று குறிக்கப்பட்டது. மூல வாக்கியம் மாறியிருப்பதால் ஒருமுறை பார்த்து உறுதிசெய்யுங்கள் என்பதுதான் அந்தக் குறி, அது இருக்கும்வரை அந்த வரி எம்ஓ கோப்பில் சேராது. இன்னொன்று முழுக்க என் பிழை. கோப்பின் பெயரைத் தாங்கிய ஷெல் மாறியை நேராக வாக்கியத்துக்குள் எழுதியிருந்தேன், கெட்டெக்ஸ்ட் கையில் போய்ச் சேர்வதற்குள் ஷெல் அதை உண்மையான கோப்புப் பெயராக விரித்துவிடும், அப்படி ஒரு வாக்கியம் மொழிபெயர்ப்பில் எப்படி இருக்கும்? டாலர் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போட்டு, மொழிபெயர்ப்பை எடுத்த பிறகே மாறியை விரிக்கும் இவால்_கெட்டெக்ஸ்ட் மூலம் கூப்பிட்டதும் சரியானது.

இப்போதெல்லாம் வெளியீட்டுக்கு முன், பயனாளரின் கணினி எப்படி இருக்குமோ அதே போன்ற சூழலில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓட்டுகிறேன். ஒவ்வொரு மூல வரியையும் கேட்டு, பதிலும் அதே வரியாக வந்தால் அதைத் தனியே எழுதிவைக்கும். பன்மைக்கு என்கெட்டெக்ஸ்ட் இருக்கிறது. தமிழுக்கு 1, 2 என்று இரண்டு எண்களைக் கொடுத்துப் பார்த்தால் போதும். அரபிக்கு எண்ணுக்கேற்ப 6 வடிவங்கள், அதனால் 0, 1, 2, 3, 11, 100 ஆகிய எண்களைக் கொடுக்கிறேன், 6 வடிவங்களும் ஒருமுறையாவது வந்துவிடும். இதில் எதுவும் சிக்காமல் வந்த பிறகும் ஏதாவது வரி உறுத்தினால், அந்தக் கட்டளையையும் அதன் விடையையும் சேர்த்தே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புகிறேன்.