ஒரு ஜப்பானிய ராணுவ வாளை வாங்கி, அடையாளம் கண்ட அனுபவம்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானிய வாள்கள் இங்கிலாந்தில் இத்தனை கிடைப்பதற்கு, தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டனும் ஒரு காரணம். சரணடையும் அதிகாரிகளிடம் வாளைக் கேட்டு வாங்கும் பழைய சடங்கு வேண்டாம் என்பது ஜப்பானின் சரணாகதியை ஏற்ற அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரின் முடிவு. தென்கிழக்கு ஆசியாவில் மவுண்ட்பேட்டனும் அவருக்குக் கீழே தரைப்படைத் தளபதியாக இருந்த ஸ்லிம்மும் அதற்கு இணங்கவில்லை. ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் படையினர் பார்க்க வாளை ஒப்படைக்க வேண்டும் என்று உறுதியாக நின்றார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் வாள்கள் குவிந்தன. ஊர் திரும்பிய பிரிட்டிஷ் வீரர்கள் பலர் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். அவர்கள் காலமான பிறகு அவை பரணிலிருந்து இறங்கி ஏலத்துக்கு வருகின்றன. நான் வாங்கியதும் அப்படி ஒரு வீட்டு வாள்தான்.

எனக்கு இதில் ஈடுபாடு வந்தது அப்பா வழிக் குடும்பத்தால். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை போட ஜப்பானிய ராணுவம் கொண்டுபோன தமிழர்களில் தாத்தாவின் தம்பியும் ஒருவர். அவர் திரும்பவே இல்லை. அதனால் இந்த வாள்களைப் பற்றிப் பேசும்போது ‘சாமுராய் வீரம்’ என்று சிலர் உருகுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கைதிகளின் தலையை வெட்டியதும் இதே வகை வாள்கள்தான். அதை மறக்காமல்தான் சேகரிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 50 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள வளைந்த வாள்களை விற்கவும் இறக்குமதி செய்யவும் 2008இல் தடை வந்தது. 1954க்கு முன் செய்தது என்றோ, மரபு முறைப்படி கையால் அடித்துச் செய்தது என்றோ காட்ட முடிந்தால் விலக்கு உண்டு. போர்க்கால வாளுக்கு வயதே சான்று. ஆனால் அந்த வயதை எதை வைத்துக் காட்டுவது? ஏல நிறுவனத்தின் பட்டியலில் “பழைய ஜப்பானிய வாள்” என்ற ஒரே வரிதான் இருந்தது. அதனால் ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் நேரில் போய்ப் பார்த்தேன். இதைப் படங்களை மட்டும் பார்த்து வாங்கவே கூடாது.

சந்தையில் போலிகள் ஏராளம். அதிலும் ‘95ஆம் வகை’ என்ற ராணுவ வாளின் போலிகள்தான் அதிகம். 1935இல் வந்த அந்த வாள் அதிகாரிகளுக்கானது அல்ல, சார்ஜென்ட் போன்ற படைநிலைகளுக்கு அரசே கொடுத்தது. கைப்பிடி உலோக வார்ப்பு. நூல் சுற்றியதுபோல வார்த்து வண்ணம் பூசியிருப்பார்கள். வாளலகில் வரிசை எண் பொறித்திருக்கும், உறையிலும் அதே எண் இருக்க வேண்டும். போலி செய்பவர்களும் எண்ணைப் பொறித்துவிடுகிறார்கள் என்றாலும், அலகின் நீளவாட்டுப் பள்ளம் கோணலாகவும் மேலோட்டமாகவும் இருப்பதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான் பார்த்தது 98ஆம் வகை. 1938இல் அறிமுகமான, அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிய வாள். திருக்கை மீன் தோல் போர்த்தி, அதன்மேல் நாடா சுற்றிய கைப்பிடி, செர்ரிப் பூ வேலைப்பாடு, பச்சை கலந்த பழுப்பு வண்ணத்தில் உலோக உறை. தோலின் மணிகள் ஒரே அளவாக இல்லாமல் பெரிதும் சிறிதுமாக இருந்தன. இது நிஜத் தோல்தான் என்று எனக்கு அதுவே பாதி நம்பிக்கை தந்தது. கைப்பிடியில் கட்டிய குஞ்சம் பழுப்பும் நீலமும். அது கேப்டன் வரையிலான அதிகாரிகளுக்கு உரியது. மேஜர் முதல் கர்னல் வரை சிவப்பு சேரும், ஜெனரல்களுக்குப் பொன்னிழையும் சேரும். விற்ற குடும்பத்தில் இது “ஜெனரலின் வாள்” என்று சொல்லப்பட்டு வந்ததாம். குஞ்சத்தை யாரும் மாற்றிக் கட்டலாம் என்பதால் அதை மட்டும் வைத்து மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கதைக்கு நான் ஒரு பவுண்டுகூடக் கூடுதலாகத் தரத் தயாராக இல்லை.

ஏலத்தில் எடுத்து, துணியில் சுற்றி, காரின் பின்பெட்டியில் வைத்து நேராக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தக்க காரணம் இல்லாமல் இதைப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம்.

அப்புறம்தான் உண்மையான வேலை. கைப்பிடியைப் பிடித்திருப்பது ஒரு மூங்கில் ஆணி. அது ஒரு பக்கம் சிறுத்திருக்கும். சிறுத்த பக்கத்திலிருந்து, மரக்குச்சி வைத்து மெதுவாகத் தட்டினால் வெளியே வரும். வாளை நிமிர்த்திப் பிடித்து, பிடித்த கையின் மணிக்கட்டில் மறு கையால் குத்தினால் அலகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று மேலே எழும். நீண்ட காலம் திறக்காதது என்பதால் என்னுடையது அவ்வளவு எளிதில் அசையவில்லை. பொறுமையாகத் தட்டித்தான் எடுத்தேன்.

கைப்பிடிக்குள் இருக்கும் பகுதிக்கு நகாகோ என்று பெயர். வாளின் வரலாறெல்லாம் அதில்தான். அதன் துருவைத் தேய்க்கவே கூடாது. துருவின் நிறம்தான் வயதுக்குச் சாட்சி, தேய்த்தால் வாளின் மதிப்பே போய்விடும். ஒரு பக்கம் கொல்லரின் கையெழுத்து, மறு பக்கம் ஷோவா 18 என்ற ஜப்பானிய ஆண்டு. ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டினால் நம் கணக்கு வந்துவிடும், ஆக 1943. சட்டம் கேட்ட வயதுச் சான்று அங்கேயே கிடைத்துவிட்டது. நகாகோவில் இருந்த எண்ணே கைக்காப்பிலும் அதை ஒட்டிய மெல்லிய தகடுகளிலும் இருந்தது. பல வாள்களின் உறுப்புகளைப் பொறுக்கிச் சேர்த்தது அல்ல என்பது உறுதியானது.

கையெழுத்துக்கு மேலே சிறிய செகி முத்திரை. ஜப்பானில் கிஃபு மாகாணத்தின் செகி, பல நூற்றாண்டுகளாக வாள் செய்யும் ஊர். அந்த முத்திரை இருந்தால் பொதுவாக அது மரபு வாள் அல்ல, ஆலை எஃகில் செய்து, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தித் தோய்ச்சல் போட்டது. நம் ஊர்ப் பட்டறையில் அரிவாளைத் தண்ணீரில் தோய்ப்பது போலத்தான் மரபு வாளையும் தோய்ப்பார்கள். அதில் விரிசல் விட்டு வீணாகும் வாள்கள் உண்டு. எண்ணெயில் அந்த ஆபத்து குறைவு. மரபு முறையும் போர்க்காலத்தில் முற்றாக நின்றுவிடவில்லை. டோக்கியோவின் யாசுகுனி கோயில் வளாகத்துப் பட்டறையில் 1933 முதல் 1945 வரை சுமார் 8,100 வாள்கள் அப்படி உருவாகின. ராணுவம் அங்கீகரித்த கொல்லர்களின் மரபு வாள்களில் நட்சத்திர முத்திரை இருக்கும்.

செகி முத்திரையைக் கண்டதும் முகம் சுளிக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கலைப்பொருளாக இது இரண்டாம் தரம்தான். ஆனால் அந்தப் போரில் சாதாரண அதிகாரியின் இடுப்பில் தொங்கியது இதுதான், எனக்கு வேண்டியதும் இதுதான்.

பராமரிப்பு பெரிய காரியமில்லை. அலகை விரலால் தொடக்கூடாது. மெல்லிய துணியால் பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு, இதற்கென்றே விற்கும் கிராம்பு மணமுள்ள எண்ணெயைப் படலமாகப் பூசினால் போதும். பித்தளை பாலிஷ், உப்புத்தாள் எதையும் அருகே கொண்டுவரக் கூடாது.

உறை வளையத்தில் ஒரு மரச்சீட்டு கட்டியிருந்தது. சரணடைந்தபோது உரிமையாளரின் பெயரை மையால் எழுதிக் கட்டும் சீட்டு. ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் பார்த்து, குடும்பப் பெயரும் லெப்டினன்ட் பதவியும் இருப்பதாகச் சொன்னார். குஞ்சத்தோடு பொருந்தியது. வாளை அந்தக் குடும்பத்துக்கே அனுப்பலாமா என்று நெடுநாள் யோசித்தேன். ஜப்பானின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி மரபு வாள்களுக்குத்தான் பதிவுச் சான்றிதழ் கிடைக்கும். எண்ணெயில் தோய்த்த இந்த வாளை அங்கே வைத்திருக்க முடியாது, பறிமுதல் செய்து அழித்துவிடுவார்கள். சீட்டையாவது அனுப்பலாம் என்றால் அதில் முகவரி இல்லை.

அதனால் இரண்டையும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். விற்ற குடும்பத்தாரிடம், ஏல நிறுவனம் வழியாக, அவர்களுடைய தந்தை எந்தப் படைப்பிரிவில் இருந்தார், வாள் எங்கே கைக்கு வந்தது என்று கேட்டு எழுதி வாங்கினேன். அந்தக் கடிதமும் நகாகோவின் படங்களும் வாளோடு ஒரே பெட்டியில் இருக்கின்றன.