தெரு கெடுவது தரைத்தளத்தில்தான்

புது அடுக்குமாடி ஒன்று எழும்பியதும் அக்கம்பக்கத்தார் உயரத்தைக் குறை சொல்வார்கள், பெயின்ட் நிறத்தைத் திட்டுவார்கள். ஆனால் நடந்து போகிறவர் கண்ணில் நெருக்கமாகப் படுவது கீழே உள்ள 4, 5 மீட்டர்தான். தெரு கெடுவதும் அங்கேதான்.

8 மீட்டர் முகப்புள்ள ஐந்து மனைகளைச் சேர்த்தால் 40 மீட்டர். ஐந்து வாசல் இருந்த இடத்தில் இப்போது ஒரு கேட், மின்சார மீட்டர் பெட்டிகள், பிறகு வெறும் சுவர். 100 மீட்டருக்கு 15 முதல் 20 கதவுகள் இருந்தால் தெரு உயிரோடிருக்கும், இரண்டுக்குள் என்றால் செத்துவிட்டது என்பது டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கேல் வகுத்த கணக்கு.

இதற்குக் காரணம் பெரும்பாலும் கார்தான். ஒரு கார் நிற்க சுமார் 2.5க்கு 5 மீட்டர் வேண்டும். மூன்று கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, தூண்களுக்கு நடுவே 7.5 மீட்டர். திருப்பி எடுக்க இன்னும் 6 மீட்டர். அந்தத் தூண்கள் அப்படியே மேலே போவதால் அறையும் ஜன்னலும் அவற்றுக்கு அடங்கித்தான் அமையும். கீழே சுவரே இல்லாமல் தூண் மட்டும் நின்றால் நிலநடுக்கத்தில் மொத்த ஆட்டமும் அந்த ஒரு தளத்தின்மேல் விழும். இது அழகோடு முடிகிற விஷயமில்லை.

அடுத்தது, கட்டி இரண்டே மழைக்காலத்தில் ஜன்னலின் இரு முனைகளிலிருந்தும் இறங்கும் கறுப்புக் கோடுகள். ஜன்னல் அடிக்கட்டை சுவரோடு ஒட்டி முடிந்தால், அதில் தேங்கிய தூசியை மழைநீர் ஓரங்களின் வழியாகச் சுவரில் இழுத்துவிடும். கட்டை வெளிப்பக்கம் சரிந்து, சுவரைவிட்டு 4, 5 சென்டிமீட்டர் நீண்டு, பக்கவாட்டிலும் சற்று வெளியே வர வேண்டும். அடியில் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் பள்ளக் கோடு ஒன்று அவசியம். அது இல்லாவிட்டால் நீர் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே சுவருக்குத் திரும்பிவிடும். சன்ஷேடுக்கும் இதே கதைதான். மொட்டைமாடி கைப்பிடிச் சுவரின் தலைப்பு உள்பக்கம் சரிந்திருந்தால் அழுக்குநீர் முகப்பில் வழியாது. ஜன்னல் சட்டத்தை 10 சென்டிமீட்டர் உள்வாங்கிப் பொருத்தினாலே நிழல் விழும், முகப்பு அட்டைப்பெட்டி போலத் தெரியாது. இவையெல்லாம் கொத்தனார் வேலையிலேயே முடிகிறவை, பெரிய செலவில்லை. அதனால்தான் விடுபடும்போது மனசு ஆறுவதில்லை.

ஏசிக்குத் தனி மேடையும் அதன் நீர் வடியக் குழாயும் வரைபடத்திலேயே இல்லாவிட்டால், குடிவந்தவர்கள் ஆளுக்கொரு இடத்தில் துளை போடுவார்கள்.

அக்கம்பக்கத்தார் வரைபடத்தைப் பார்க்க வேண்டியது அனுமதிக்கு முன்பே. பளபளக்கும் 3டி படத்தை நம்ப வேண்டாம். அதில் எதிர்வீடு இருக்காது, வரைந்த மரம் குழாய்களை மறைத்திருக்கும். எதிர் நடைபாதையில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் நின்று பார்க்கிற மாதிரி ஒரு படம் கேளுங்கள். குழாய், மீட்டர் பெட்டி, ஏசி எல்லாம் குறித்த தரைத்தள எலிவேஷனும், அதாவது முகப்பை நேரே பார்க்கிற மாதிரி வரைந்த வரைபடமும் கேளுங்கள். பார்க்கிங்கைப் பின்னுக்குத் தள்ளி, தெருவோரம் ஜன்னலும் கதவும் உள்ள ஓர் அறையாவது வர முடியுமா என்று கேளுங்கள். தூண் எழும்பிய பிறகு இதில் பெரும்பாலானதை மாற்றுவது கடினம்.