பத்துப் பேர் முன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டு வேலை என்றால் தினமும் யாரோடாவது வாக்குவாதம் உண்டு. ஷாப் ஃப்ளோரில் ஓகே ஆன பீஸ் எங்கள் ஏசி அறைக்கு வந்ததும் ரிஜெக்ட் ஆகும். "மொதல்ல உங்க மைக்ரோமீட்டரைப் பாருங்க சார்" என்று ஆரம்பிப்பார்கள்.

பல சமயம் இரண்டு அளவுமே சரிதான். லேத்திலிருந்து இறங்கிய எஃகு சூடாக இருக்கும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பீஸ், 20 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய 11 மைக்ரான் பெருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). ஆறியதும் சுருங்கி, அனுமதித்த அளவின் கீழ் வரம்புக்கும் கீழே போய்விடும். அளவுகளுக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். மே மாதத்து ஷெட்டில் அதற்கு எங்கே போவது?

இதை ரிப்போர்ட்டோடு நீட்டினால் எடுபடாது. 1979-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள் லார்ட், ராஸ், லெப்பர் மூவரும் மரண தண்டனையை ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் ஒரே ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். இரு தரப்பும் தமக்கு ஒத்துவராததில் குறை கண்டு, முன்பைவிட உறுதியாகத் தம் பக்கமே நின்றன. ரிப்போர்ட்டில் ஓட்டை தேடும் ஆபரேட்டரைப் பிடிவாதக்காரர் என்பது அநியாயம். பல வருடக் கைப்பழக்கத்தை ஒரு தாள் பொய்யாக்குகிறது, அதுவும் ஹெல்பர் பையன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

கூட்டம் கலைந்தபின் மூத்த ஆபரேட்டர் ஒருவரிடம் போனேன். "அண்ணே, நீங்க எப்படி அளக்குறீங்க? மொதல்லேர்ந்து சொல்லுங்க." சக்கிலிருந்து கழற்றுவது, ஏர் அடிப்பது, பனியன் வேஸ்ட்டால் துடைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "கை சுடும், அதனால கிளவுஸ் போட்டுத்தான்..." என்றவர் நிறுத்தினார். "ஆற வெச்சு அளந்தா என்ன வரும் தம்பி?"

நான் வாதாடவே இல்லை, விளக்கச் சொன்னேன், அவ்வளவுதான். யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்பிளிட், கைல் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்விலும் இப்படித்தான். ஜிப் எப்படி வேலை செய்கிறது என்று படிப்படியாக விளக்கச் சொன்னதும், தெரியும் என்றிருந்தவர்கள் தங்கள் புரிதலுக்கு முதலில் போட்டுக்கொண்ட மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். ஆனால் மடக்குவதற்காகக் கேட்டால் ஆபரேட்டர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் கேஜ் தேய்ந்திருக்கவும் வாய்ப்புண்டு, தெரிந்துகொள்ளத்தான் கேட்க வேண்டும்.

மற்ற மெஷின்காரர்களிடம் ஆற வைத்து அளக்கச் சொன்னது அந்த அண்ணன்தான். நான் சொல்லியிருந்தால் நடந்திருக்காது. ஆறும்வரை காத்திருந்தால் ப்ரொடக்‌ஷன் குறையும் என்று சூப்பர்வைசர் இன்னும் மறுக்கிறார். அதை மீட்டிங்கில் எடுக்காமல், டீ நேரத்தில் அவரோடு தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.